கழுத்தில் கட்டிய சம்பளம்

செகாம்புட் இரும்புக் கிடங்கில்
எனக்கும் அவனுக்கும் இரவு ஷிஃப்ட்.
தவுக்கே அவனை ஆ பூய் என்பார்.
நான் குண்டா என்பேன்.
இரண்டு மொழியிலும் அவன்
நாற்பத்தெட்டு கிலோ.

கறுப்பு உடம்பு. கன்னத்திலும் மார்பிலும் கால்களிலும்
தேயிலைச் சாயம் இறங்கிய பழுப்பு.
கண்களுக்கு மேலே பழுப்பில் இரண்டு பொட்டு.
சுவரேறிப் பார்க்கிறவன்
நான்கு கண்களை எண்ணிவிட்டு இறங்கிப் போவான்.
உள்ளே குறட்டை.

தடுப்பூசி போட வந்த டாக்டர் ஹர்விந்தர் கௌர்
அவன் பிடரியைப் பிசைந்தபடி சொன்னார்:
ராட்வைலர். இவன் முன்னோர்
ரோமானியப் படையோடு ஆல்ப்ஸ் தாண்டியவர்கள்
என்று ஒரு பேச்சு உண்டு.
படை தின்பதற்கான மாடுகளை ஓட்டிக்கொண்டு.
(நாளுக்கு நாள் மந்தை சிறுத்திருக்கும்.
கடைசி மாட்டை ஓட்டிய நாய்
என்ன நினைத்திருக்கும்?
கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.)

பிறகு ஜெர்மனியில் ஒரு சந்தை ஊர்.
மாடு விற்ற காசைப் பையில் போட்டு
நாயின் கழுத்தில் கட்டிவிட்டுக்
கசாப்புக்காரர்கள் குடிக்கப் போவார்களாம்.
வழிப்பறிக்காரன் பையைப் பார்ப்பான்.
பையின் மேலே பல்லைப் பார்ப்பான்.

பிறகு ரயில் வந்தது.
மாடுகள் பெட்டியில் ஏறின.
நாய்களுக்குச் சீட்டு இல்லை.
இனமே அற்றுப்போக இருந்த நேரத்தில்
போலீஸ்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அதனால்தானோ என்னவோ
யாரையும் பார்த்துக் குரைக்காதவன்
கடைசி கொமுட்டர் கடக்கும்போது மட்டும்
எழுந்து நின்று தொண்டைக்குள் உறுமுகிறான்.
நூறு வருடத்துக்கு முந்திய ஆள்குறைப்பு
இன்னும் ஆறவில்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அவன் சாய்வான்.
நான் நின்றால் போதும்,
முழங்காலில் முழு உடம்பையும் கொண்டுவந்து வைப்பான்.
பாசம் என்றிருந்தேன்.
மாட்டை நகர்த்துகிற முறை அது, என்றார் டாக்டர்,
கடிப்பதில்லை, தோளைக் கொடுத்து அழுத்துவது.
அப்படியென்றால் ஆறு வருடமாக
என்னை எங்கேயோ ஓட்டிப் பார்த்திருக்கிறான்.
என் முகம் போன போக்கைப் பார்த்து
பாசமும்தான், என்று சேர்த்துக்கொண்டார்.

சம்பள நாள்.
ஆயிரத்து எண்ணூற்று அறுபது வெள்ளி, ரொக்கம்.
என் புருஷன் குணபாலன் மோட்டார் சைக்கிளில் வருவான்.
நம்பர் எடுக்க வேண்டும் அவனுக்கு.
சப்பாத்துக்குள், அரிசி டின்னுக்குள்,
சாமி படத்துக்குப் பின்னால்
வைத்துப் பார்த்த இடமெல்லாம்
அவனுக்கு மனப்பாடம்.
இந்த மாதம் மகளின் பழைய பென்சில் பையில் போட்டு
ஜிப்பை இழுத்து
குண்டாவின் கழுத்துப் பட்டையில் கட்டினேன்.

வந்தான். என் பையைக் கவிழ்த்தான்,
தெர்மாஸைத் திறந்துகூடப் பார்த்தான்.
எங்கேடி?
அதோ, எடுத்துக்கொள், என்றேன்.

குண்டா எழுந்தான். குரைக்கவில்லை, பல்லும் காட்டவில்லை.
மெதுவாகப் போய்த்
தோளை அவன் முழங்காலில் வைத்தான்.
ஓர் அடி.
மறுபடி வைத்தான்.
செம்புக் கம்பிச் சுருள் தாண்டி,
பழைய பேட்டரிக் குவியல் தாண்டி.
ஏய், கூப்பிடு இவனை, என்றான் குணபாலன்.
நான் தே ஓ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தராசு மேடையில் இருவரும் ஏறியபோது
சிவப்பு எண் நூற்றுப் பதினொன்று காட்டியது.
நாயைக் கழித்தேன்.
அறுபத்து மூன்று.
பத்தொன்பது வருடமாக நான் பயந்தது
இவ்வளவுதானா.

கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிள்
இரண்டு முறை இருமிக் கிளம்பியது.
குண்டா திரும்பி வந்து
பையோடு படுத்துக்கொண்டான்,
மந்தையை அடைத்துவிட்டு வந்த களைப்பில்.

திங்கட்கிழமை வங்கியில்
என் பெயரில் மட்டும் ஒரு கணக்கு.
நோட்டெல்லாம் நாய் எச்சில்.
எண்ணுகிற பெண்
மூக்கைச் சுளிக்கட்டும்.